கோல்கீப்பருக்குப் போட்ட கோடு

சூசையார்துறை அணி சொந்த மைதானத்தில் ஆறு கோல் அடித்து, ஒரு கோலும் வாங்காமல் ஜெயித்த ஞாயிற்றுக்கிழமை, ஜெபமாலை முடிந்து ஜனங்கள் வலைக்கூடத்துச் சுவரின் முன்னால் மார்க் பார்க்கக் கூடி நின்றபோது, கோல்கீப்பர் கிளீட்டஸ் கண்ணுக்குத் தெரியாமல் போனான். சத்தம் இல்லை, வெளிச்சம் இல்லை. அணித்தலைவன் பனியடிமையின் தோளில் அவன் போட்டிருந்த கை போட்டபடியே இருந்தது, அதன் கனமும் இருந்தது, வியர்வையின் ஈரமும் இருந்தது. பனியடிமை திரும்பிப் பார்த்தபோது கைக்குரிய ஆளைத்தான் காணோம்.

"அண்ணே, எங்க போனிய?"

"இங்கதானடே நிக்கேன். ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

குரல் அருகில் இருந்தது. கூட்டம் குரலைப் பார்த்தது, பிறகு சுவரைப் பார்த்தது, பிறகு சுண்ணக்கட்டியோடு நின்ற தெக்லாவைப் பார்த்தது. சுவரில் பத்துப் பேருக்கு எண் இருந்தது. பதினோராவது பெயருக்கு நேரே ஒரு கோடு மட்டும் இருந்தது. அந்தப் பெயர் கிளீட்டஸ். கோடு போட்டவள் அவன் மனைவி.

எங்கள் கடற்கரையில் ஆட்டம் முடிந்த அன்றே, வெளிச்சம் இறங்குவதற்குள், ஆடின பதினோரு பேருக்கும் பத்துக்கு இத்தனை என்று சுவரில் எழுதியாக வேண்டும். ஜெயித்தோம் என்பது ஒருநாள் பேச்சு, யாருக்கு எத்தனை என்பது ஒரு வாரப் பேச்சு. எட்டு வாங்கியவன் திங்கட்கிழமை வள்ளத்தின் முன்தலையில் உட்காருவான், நாலு வாங்கியவன் உள்ளே சேரும் தண்ணீரை இறைப்பான், மூன்று வாங்கியவனுக்கு அந்த வாரம் பெண் கேட்டுப் போக மாட்டார்கள். முன்பு ஆண்கள்தான் எழுதினார்கள். ஒரு ஐந்துக்காக ஒரே வீட்டு அண்ணனும் தம்பியும் துடுப்பால் அடித்துக்கொண்டு ஒருவனுக்குக் கண் போன பிறகு, பங்குச்சாமி அந்த வேலையை அணியில் அண்ணனோ தம்பியோ முறைமாமனோ இல்லாத ஒரு பெண்ணின் கையில் கொடுத்தார். அப்படித்தான் தெக்லா இருபது வயதில் சுண்ணக்கட்டி எடுத்தாள். பெயருக்கு நேரே எண்ணை எழுதுவாள், எழுதிவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்லுவாள், பெயருக்குரியவன் தலை குனிந்து கேட்டுக்கொள்ளுவான். அவள் எழுதியதை யாரும் அழித்ததில்லை. அவளும் அழித்ததில்லை.

நான்கு வருடம் கழித்து அவள் கிளீட்டஸைக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து ஊர் அவள் கையை வேறு கண்ணால் பார்த்தது. அதனால் அவன் ஏழுக்கு ஆடினால் அவள் ஆறரை போட்டாள், எட்டுக்கு ஆடினால் ஏழரை. மிச்சம் அரை மார்க்கை யாருக்கும் தெரியாமல் தன் மனதுக்குள் அவனுக்குப் போட்டுக்கொண்டாள். பதினோரு வருடம் இப்படியே போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நன்றாக ஆடினார்கள். இடது பக்கம் ஓடினவனுக்கு எட்டு. "மூணு கோலு அடிச்சே, மூணாவது பந்த பக்கத்துல நின்னவனுக்குக் குடுத்திருக்கணும்" என்றாள். நடுவில் ஆடின இரட்டையர்களுக்கு ஆளுக்கு ஏழு, "ரெண்டு பேரும் ஒரே பந்துக்கு ஓடாதிய". பின்வரிசையில் நின்ற பனியடிமைக்கு ஒன்பது, "ஒருத்தனயும் தாண்ட விடல்ல". அது உண்மை. ஒருத்தனும் தாண்டாததால் கோல் கம்பத்துக்கு ஒரு பந்தும் வரவில்லை. கிளீட்டஸ் தொண்ணூறு நிமிடமும் கையுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டு, கடலைப் பார்த்துக்கொண்டு, வேலி மேல் இருந்த காகத்தோடு பேசிக்கொண்டு நின்றான். கோல்கீப்பருக்கு எதிரி அடித்த பந்துக்குத்தான் மார்க், தன் ஆள் தட்டிக் கொடுத்ததை எடுப்பது கணக்கில்லை என்பது முறை. இருந்தாலும் இப்படிப்பட்ட நாளில் ஆறு என்று எழுதிவிட்டுப் போவதும் வழக்கம். தெக்லாவும் ஆறு என்று எழுதத்தான் கையைத் தூக்கினாள்.

"சும்மா நின்னதுக்கும் மார்க்கு உண்டும் போல," என்றது பின்னாலிருந்து ஒரு பெண்குரல். இடது பக்கம் ஓடினவனின் அம்மை அமலோற்பவம். "கெட்டினவன் இல்லியா, பின்ன!"

நாலு பேர் சிரித்தார்கள். தெக்லாவின் காது சூடாயிற்று. அவள் கை இறங்கி, பெயருக்கு நேரே குறுக்காக ஒரு கோடு இழுத்தது. அவன் தெரியாமல் போனான்.

முதல் வாரம் ஊர் கொஞ்சம் தடுமாறியது, பிறகு பழகிக்கொண்டது. வள்ளத்தில் அவன் உட்காரும் பலகை காலியாகத் தெரிந்தாலும் வள்ளம் அந்தப் பக்கம் அவன் அளவுக்குச் சாய்ந்தது, துடுப்பு தானாக எழுந்து தானாக விழுந்தது. கண்ணுக்குத் தெரிகிறவர்களை மூன்று முறை திருப்பி அனுப்புகிற ரேஷன் கடைக் கருவி அவன் பெருவிரலை முதல் அழுத்தலிலேயே ஏற்றுக்கொண்டது. பூசையில் பங்குச்சாமி நீட்டிய அப்பம் விரல்நுனியிலிருந்து மறைந்தது, ஆமென் மட்டும் கேட்டது. சலூன்காரர் தடவித் தடவி முடிவெட்டினார். தலையில் தெரியாத முடி தரையில் விழுந்ததும் தெரிந்தது, அதைத் தெக்லா ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போனாள். கிணற்றடிக்குக் குளிக்கப் போன பெண்கள் முதலில் மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தார்கள்.

"கிளீட்டசண்ணே, இங்க இல்லியே?"

"இல்லியே," என்று ஒருநாள் வழியே போன அவன் விளையாட்டாகப் பதில் சொல்லி, குரல் வந்த திசைக்கு எறிந்த குடத்தால் நெற்றியில் அடி வாங்கினான். நெற்றி வீங்கியதைத் தெக்லா விரலால் தொட்டுத்தான் அறிந்தாள்.

ஊர் பழகியது, தெக்லா பழகவில்லை. கண்ணுக்குத் தெரிகிறவரைக்கும் ஒரு முகத்தை யாரும் மனப்பாடம் செய்வதில்லை என்பதை அவள் அந்த வாரத்தில் கண்டுபிடித்தாள். அவன் புருவத்துத் தழும்பு இடதா வலதா என்று அடுப்பின் முன்னால் நின்று யோசித்தாள், குழம்பு பொங்கி அடுப்பை அணைத்தது. கல்யாணப் படத்தைப் பார்த்தாள், அதில் அவன் கண்ணை மூடியிருந்தான். பகலில் நினைத்துக்கொண்டால் ஓடிவந்து, "எங்க இருக்கிய, இங்க வாங்க," என்று காற்றில் கையை நீட்டுவாள். அவன் முகத்தைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைப்பான்.

"போதும்டி, மூக்கு தேஞ்சிரும்."

புதன்கிழமை அவள் வலைக்கூடத்துக்குப் போய், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் எழுதியதை அழித்தாள். கோடு இருந்த இடத்தில் ஆறு என்று எழுதினாள். ஊர் சம்மதித்தது. சுவரைத் துடைக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததே அமலோற்பவம்தான், வாய் திறக்காமல், கண்ணைப் பார்க்காமல். ஆனால் வீட்டுக்கு வந்தபோது நாற்காலியில் காற்றுதான் உட்கார்ந்திருந்தது.

"அழிச்சிட்டு வா பிள்ளே," என்றான் கிளீட்டஸ். "தொடாத பந்துக்கு ஆறு வாங்கினா பிச்ச வாங்கினது போல இருக்கு."

"உங்க முகத்தப் பாக்கணும் எனக்கு."

"ஆறு எனக்குள்ளது இல்ல. எனக்குள்ளது இல்லாதத நான் எப்படி எடுத்து உடுத்துவேன்?"

அவள் அழுதாள், சண்டை போட்டாள், பட்டினி கிடந்தாள். வெள்ளிக்கிழமை போய் ஆறை அழித்தாள். அதே கோட்டை, தன் கையால், இரண்டாம் முறை இழுத்தாள்.

அப்படியானால் வழி ஒன்றுதான் என்று பங்குச்சாமி ஊரைக் கூட்டிச் சொன்னார். அடுத்த ஆட்டத்தில் எதிரியை உள்ளே விட வேண்டும். கிளீட்டஸ் கையில் பந்து பட வேண்டும், பட்டால் மார்க், மார்க் இருந்தால் ஆள். தோற்றாலும் பரவாயில்லை. சூசையார்துறையில் தோற்றாலும் பரவாயில்லை என்ற சொல் அதுவரைக்கும் ஒலித்ததில்லை, சொன்ன சாமியே அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டார்.

ஆட்டநாள் வந்தது. வந்த அணிக்கு விஷயத்தைச் சொன்னார்கள், அவர்களும் சரி என்றார்கள். ஆனால் கோல் பெட்டிக்கு முன்னால் வந்ததும் அவர்கள் கால் நின்றது.

"கண்ணுக்குத் தெரியுதவன்னா எந்தப் பக்கம் நிக்கான்னு பாத்து அடிக்கலாம்," என்றான் அவர்களில் ஒருவன். "இது எங்க நிக்கான்னு அடிக்க? மூஞ்சில பட்டு சீவன் போச்சுன்னா?"

இப்படி அவர்கள் நின்று யோசிக்கும் நேரத்தில், விட்டுவிடு விட்டுவிடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்த பனியடிமையின் கால் தானாக நீண்டு பந்தைப் பறித்தது. பறித்துவிட்டு, "ஐயோ," என்று தலையில் அடித்துக்கொண்டான். மறுபடி விட்டுப் பார்த்தான், மறுபடி பறித்தான். பிறந்ததிலிருந்து தாண்ட விடாதே என்று கற்ற காலுக்கு அந்த ஒரு மாலையில் வேறு சொல்லிக்கொடுக்க முடியவில்லை. சூசையார்துறை நாலு கோல் அடித்து ஜெயித்தது. எங்கள் ஊர் சரித்திரத்திலேயே கை தட்டாமல் கலைந்த வெற்றி அது.

எழுதாமல் விட்டுவிடலாமா என்று தெக்லா கேட்டாள். அமலோற்பவம் அவள் காலைப் பிடித்தாள். "ஒருத்தருக்கு எழுதாததுக்கே இந்தக் கோலம். நீ சுவரத் தொடாம போனா எம்மவனும் சேந்து காணாம போயிருவானே மக்களே." அதனால் எழுதினாள். வலது பின்வரிசைக்கு ஆறு. நடுவில் இருவருக்கும் ஏழரை. பனியடிமைக்கு ஒன்பதரை. அவன் மண்ணில் முழங்கால் போட்டான்.

"மைனி, எனக்கு ஒண்ணும் போடாதிய. என் மார்க்க எடுத்து அண்ணனுக்குப் போடுங்க."

"நல்லா ஆடினே தம்பி," என்றாள் தெக்லா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இதுக்கு முன்னால நீ இப்படி ஆடினதில்ல."

கடைசிப் பெயருக்கு வந்தாள். ஒரு முறை, ஒரே ஒரு முறை, அவன் பொய் சொல்ல மாட்டானா என்ற ஆசையோடு காற்றைப் பார்த்துக் கேட்டாள். "பந்து வந்துதா?"

"வரல்ல," என்றான் கிளீட்டஸ்.

அதுதான் கடைசியாகக் கேட்ட சொல். கோடு போட்டதும் குரலும் போயிற்று.

குரல் போனதற்கும் ஊர் பழகிக்கொண்டது. வள்ளத்தில் அவனுக்காகப் பேசும் வேலையை ஆட்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருவன் கேள்வி கேட்க, கிளீட்டஸ் இப்படித்தான் சொல்லுவான் என்று இன்னொருவன் பதில் சொல்ல, அவன் அப்படிச் சொல்ல மாட்டான் என்று மூன்றாவது ஆள் சண்டைக்கு வந்தான். பூசையில் ஆமெனை எல்லோரும் அவனுக்காகச் சேர்த்துச் சொன்னார்கள். பிறகு மெல்ல, யாரும் தீர்மானித்துச் செய்யாமல், அவனைப் பற்றிய பேச்சு இறந்தகாலத்துக்கு நகர்ந்தது. மீன் சந்தையில் ஒருத்தி, "நல்ல மனுசனா இருந்தாரு," என்றாள். தெக்லா அவள் கூடையைப் பிடித்துக் கவிழ்த்தாள். மீன் மணலில் சிதறியது.

"இருந்தாருன்னு யாருடி சொன்னது? இன்னைக்குக் காலைல ரெண்டு தோச கூடக் கேட்ட ஆளு. தட்டத் தட்டிக் கேட்டாரு. இருக்காருன்னு சொல்லு. சொல்லிட்டு மீனப் பொறுக்கு."

"இருக்காரு, இருக்காரு," என்றாள் அவள் பயந்து. நம்பிச் சொன்ன மாதிரி இல்லை.

மிச்சம் இருந்தது கனம் மட்டும்தான். நாற்காலியின் பிரம்பு அமுங்கும், பாயில் ஒரு குழி விழும், மதியம் அவள் வெங்காயம் அரியும்போது தோளில் ஒரு தாடை வந்து அமரும். ஒவ்வொரு ஆட்டத்தின் கோடும் ஒன்றை எடுத்துக்கொண்டது, மூன்றாவது ஆட்டத்தின் கோடு எதை எடுக்கும் என்று அவளுக்குச் சந்தேகம் இல்லை. அதற்குப் பிறகு எடுக்க ஒன்றும் இருக்காது. திருவிழாக் கோப்பையின் கடைசி ஆட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் அவள் அவன் மேல் கை வைத்துக்கொண்டே நடந்தாள், கண் தெரியாதவர்கள் நடப்பதுபோல. ஒன்பதாம் நாள் அவன் தோள் முந்தின நாளைவிட லேசாக இருந்ததோ என்று அவளுக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு அருளப்பர்துறைக்காரர்கள் வந்தார்கள். இந்த முறை பங்குச்சாமி கால்களை நம்பவில்லை. இரண்டு கோல் அடித்து முடிந்ததும், தான் கை காட்டினால் சூசையார்துறையின் பின்வரிசை மொத்தமும் புல்லில் உட்கார்ந்துவிட வேண்டும், உட்கார்ந்தவன் கால் எதையும் பறிக்காது. அப்படியே செய்தார்கள். அறுபதாவது நிமிடத்தில் பனியடிமையும் மற்ற மூவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கோலுக்கு முன்னால் வழி கோயில் வாசல்போலத் திறந்து கிடந்தது.

அருளப்பர்துறை தலைவன் பந்தைக் காலடியில் நிறுத்தி, உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தான். அவன் முகம் சிவந்தது.

"எழும்புங்கடே."

"அடி மாப்ள," என்றான் பனியடிமை. "ஒன் காலப் பிடிக்கேன், எங்க அண்ணனப் பாத்து ஒண்ணு அடி."

"உக்காந்திருக்கவனத் தாண்டிக் கோலு அடிச்சேன்னு ஊருக்குப் போனா எனக்கு எங்கம்ம சோறு போடுவாளா? எழும்பி நின்னு ஆடு. இல்லன்னா இங்கயே நிக்கேன்."

அவன் நின்றான், அவன் அணி நின்றது. எழுந்தால் கால் பறிக்கும் என்பதால் இவர்கள் எழவில்லை, உட்கார்ந்திருப்பதால் அவர்கள் அடிக்கவில்லை. கடிகாரம் மட்டும் ஓடியது. தக்கலையிலிருந்து வந்த ரெஃப்ரி இரு பக்கமும் கெஞ்சினார். எண்பது நிமிடம் ஆயிற்று. எண்பத்து மூன்று ஆயிற்று.

அப்போது தெக்லா தன் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். மார்க் போடுகிறவள் மைதானக் கோட்டுக்கு உள்ளே கால் வைக்கக் கூடாது. அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டி நடந்தாள். ரெஃப்ரி விசில் அடித்தார், கை தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார். அவள் நிற்கவில்லை. அருளப்பர்துறை தலைவன் முன்னால் போய், "பந்த விடு," என்றாள். அவன் விலகினான்.

"எம்மா, நீங்க எந்த அணியுமில்ல, நீங்க அடிச்சா கணக்கில்ல," என்றார் ரெஃப்ரி.

"எதிரி அடிச்சாத்தானே கணக்கு," என்றாள் தெக்லா. "நான் எதிரிதான். அந்தக் கோடு போட்டவ நான். என்ன விட அவருக்கு எதிரி இந்தக் கடப்புறத்துல யாரு?"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடித்தாள். பதினைந்து வருடம் உதைகளுக்கு மார்க் போட்டவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு பந்தை உதைத்தாள். விரல்நுனியில் பட்டு, வலுவில்லாமல், திக்கித் திக்கி உருண்டது பந்து. ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு அதனோடு உருண்டது. கோல் கோட்டுக்கு நடுவில் புல் இரண்டு பாதத்தின் அளவுக்கு அமுங்கியிருந்தது, எல்லோரும் அந்தப் புல்லைப் பார்த்தார்கள். குனிய வேண்டும், ஒரு கையை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். பந்து அமுங்கின புல்லுக்கு ஒரு சாண் தள்ளிப் போயிற்று, கோட்டைத் தாண்டிற்று, வலையைத் தொடக்கூட முடியாமல் நின்றது. புல் அசையவில்லை. விசில் அடித்த பிறகு வந்த பந்தை அவன் தொடவில்லை.

தெக்லா அந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். பெண்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். மிச்ச நிமிடங்கள் ஓடி முடிந்தன, இரண்டு கோலில் கோப்பை ஊருக்கு வந்தது, அதை வாங்கக் கை நீட்ட ஆள் இல்லாமல் அது மேசையிலேயே இருந்தது.

ஜெபமாலை முடிந்தது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. தெக்லா சுவர் முன்னால் வந்து, ஒவ்வொரு பெயராக எழுதி, ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். பத்துப் பேர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்கள். கடைசிப் பெயரை எழுதிவிட்டு நின்றாள். கூட்டத்தில் சிலர் அழ ஆரம்பித்தார்கள், பங்குச்சாமி கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். அவள் சுண்ணக்கட்டியைச் சுவரில் வைத்தாள், குறுக்காக இழுக்கவில்லை, மேலிருந்து கீழே இழுத்தாள்.

"ஒண்ணு," என்றாள் சத்தமாக. "உருண்டு வந்த பந்த மரம் மாதிரி நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு. பால்குடிப் பிள்ள கூடப் பிடிச்சிருக்கும்."

கூட்டம் இரைந்தது. அது கணக்கில்லாத பந்து, விசில் அடித்த பந்து, அடித்தது ஆட்டக்காரி இல்லை. ரெஃப்ரியே முன்னால் வந்து, "எம்மா, இது அநியாயம்," என்றார். அவளுக்கும் தெரியும். அவளிடம் சொத்தென்று இருந்தது அந்த நியாயம் ஒன்றுதான், அதை ஊர் பார்க்கச் சுவரில் உடைத்து வைத்திருந்தாள். அமலோற்பவம் கூட, "இனி இவ போடுத மார்க்க யாரு நம்புவா?" என்றாள், ஆனால் அதைத் துக்கமாகத்தான் சொன்னாள்.

ஒன்றும் நடக்கவில்லை. சுவரின் முன்னால் காலியாகவே இருந்தது. ஜனங்கள் ஒவ்வொருவராகத் திரும்ப ஆரம்பித்தார்கள். தெக்லா சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள், அது உருண்டுபோயிற்று, எடுக்கக் குனியவில்லை.

"ஒண்ணா?"

எல்லோரும் நின்றார்கள்.

"ஒண்ணா போட்டே?" குரல் வறண்டிருந்தது, பல நாள் திறக்காத கதவுபோலக் கரகரத்தது. கல்யாணமான பதினோரு வருடத்தில் ஒரு நாளும் மார்க் குறைந்ததென்று வாய் திறக்காத மனிதன் அவன். ஆறு பிச்சையாக வந்தபோது வேண்டாம் என்றவனுக்கு இது பொறுக்கவில்லை. "ஆறரை போட்டே, சரின்னேன். கோடு போட்டே, சரின்னேன். இது என்ன நியாயம்டி? கை வைக்கக் கூடாத பந்துக்கு எனக்கு ஒண்ணா?"

சுவரில் எழுதியிருந்ததைக் குத்திக் காட்டிக்கொண்டு ஒரு விரல் தெரிந்தது, பிறகு கோணல் நகங்களோடு முழுக் கையும், மணிக்கட்டு வரைக்கும். அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை, பத்துக்கு ஒன்றுக்கு அவ்வளவுதான் ஆள். தெக்லா இரண்டு எட்டில் போய் அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கியிருக்கும்.

"விடு. முதல்ல பதில் சொல்லு. விசில் கேட்டுதா இல்லியா?"

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

"கேட்டுது," என்றாள் தெக்லா.

"கேட்டுதா? பின்ன?"

அவள் கையை விடவில்லை. பங்குச்சாமி குனிந்து சுண்ணக்கட்டியை எடுத்துத் தன் அங்கியின் பையில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்தும் பார்க்காதவளாக, மணிக்கட்டோடு முடிந்த அந்தக் கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டை நோக்கி நடந்தாள். கடற்கரை நெடுக, "அத எப்படி நீ கோலுன்னு எடுத்தே, அதச் சொல்லு, அத மட்டும் சொல்லு," என்று அவன் கேட்டுக்கொண்டே போனான்.